ஓரத்தில் எழுதியிருந்தது: ஓர் அம்மாவின் கோல நோட்டுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

குடும்பத்தின் விருப்பப்படி பெயர்களையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். வீடுகளில் கிடக்கும் பழைய தாள்கள், கடிதங்கள், ஒலிநாடாக்களைப் பாதுகாத்து வைக்க உதவுவது என் வேலை. இந்த நிகழ்வில் நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பின்னணி

2022 மார்ச்சில், கும்பகோணத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் 67 வயது அம்மா ஒருவர் காலமானார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் ரேஷன் கடை எடையாளராக இருந்தவர், 2018லேயே போய்விட்டார். பிள்ளைகள் இருவர். மூத்தவரான மகள் சென்னையில் கிராஃபிக் டிசைனர். இளையவரான மகன் திருச்சியில் வங்கி ஊழியர்.

தெருவில் இந்த அம்மா கோலத்துக்குப் பெயர் போனவர். மார்கழியில் அவர் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வீடுகளில் மாவு டப்பாவைத் திறப்பார்களாம். இதை என்னிடம் சொன்னது எதிர்வீட்டுக்காரர். கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், அடிப்படையில் பொய்யில்லை. மகளுக்கோ கோலத்தில் ஆர்வமே இருந்ததில்லை. பள்ளிக்கூட நாளில் விடியற்காலை எழுப்பிவிட்டு ‘புள்ளி மட்டுமாவது வை’ என்று அம்மா சொல்வார், இவர் புள்ளியை வைத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

மே மாதம் வீட்டை ஒழித்தபோது, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு துணிப்பை கிடைத்தது. உள்ளே ஆறு நோட்டுகள். நான்கு கட்டம் போட்ட கணக்கு நோட்டு, இரண்டு பழைய இன்சூரன்ஸ் டைரி. முதல் நோட்டின் அட்டையில் 1983 என்று இருந்தது. கடைசிப் பக்கத்தின் தேதி 2019 கார்த்திகை. மொத்தம் ஏறத்தாழ 400 கோலங்கள்.

அக்காவும் தம்பியும் நோட்டுகளை வைத்து ஆளுக்கொன்று நினைத்தார்கள். தம்பிக்கு அம்மா பெயரில் ஒரு புத்தகம் போட ஆசை. அக்காவுக்கு அப்போது கையில் வேலை குறைவு. ஓர் எழுதுபொருள் நிறுவனம் ‘தமிழ்நாட்டு வடிவங்கள்’ என்று பத்து டிசைன் கேட்டிருந்தது. அதற்கு இது பயன்படுமே என்று அவர் பார்த்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே கவலை: தாள் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கவலையோடு ஜூலையில் என்னிடம் வந்தார்கள்.

நோட்டுகளின் நிலை

முதல் இரண்டு நோட்டுகளில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, சுற்றிலும் தாள் பழுப்பேறி ஒடியும் நிலையில் இருந்தது. மூன்றாவதில் ராமபாணப் பூச்சி ஓரங்களை அரித்திருந்தது. வாரப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய கோலங்களைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார். டேப் காய்ந்து மஞ்சளாகி, படம் தனியாக, டேப் தனியாக வந்தது. பால்பாயின்ட் பேனாவால் போட்டவை நன்றாக இருந்தன. ஸ்கெட்ச் பேனாவால் போட்டவை ஈரம் பட்டு எதிர்ப்பக்கத்தில் இறங்கியிருந்தன.

கோலங்களில் பெரும்பாலானவை சிக்குக் கோலங்கள், அதாவது கம்பிக் கோலங்கள். புள்ளியைத் தொடாமல், ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே கம்பி வந்து சேர வேண்டும். இருதயக் கமலம், பிரம்மமுடி, தேர்க்கோலம் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் புள்ளிக் கணக்கு: ‘நேர் 15–1’, ‘ஊடு 15–8’ என்று. பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன். நேர் புள்ளி என்றால் நடு வரிசையில் 15 வைத்து, இரு பக்கமும் இரண்டிரண்டாகக் குறைத்து 1இல் முடிப்பது. 113 புள்ளி வரும். ஊடு புள்ளி என்றால் நடு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசையை வைத்து, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் முடிப்பது, 169 வரும். விடியற்காலை ஐந்து மணிக்கு, குனிந்தபடி, தெருவிளக்கு வெளிச்சத்தில் 169 புள்ளி வைப்பது என்ன வேலை என்று வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கோலத்தைச் சுற்றி ஓரங்களில் பொடி எழுத்தில் ஏதேதோ. பால் கணக்கு. ‘மழை. கோலம் இல்லை.’ ‘திதி. கோலம் இல்லை.’ கல்மாவு விலை. அப்புறம் புரியாத சில துண்டு வார்த்தைகள். நான் அதைக் கணக்குக் கிறுக்கல் என்று ஒதுக்கினேன்.

வரிசையாகப் புள்ளி மட்டும் வைத்து, கம்பி இழுக்காமல் விட்ட பக்கங்கள் 11 இருந்தன. தேதி மட்டும் எழுதியிருந்தது.

முதலில் எடுத்த முடிவுகள்

தம்பி எல்லாப் பக்கத்தையும் லாமினேஷன் செய்துவிடலாம் என்றார். பல வீடுகளில் இதுதான் முதல் யோசனை. வேண்டாம் என்று சொன்னேன். சூடுபட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. உள்ளே மாட்டிய ஈரமும் பூஞ்சையும் அங்கேயே இருந்து தாளைத் தின்னும். எதைச் செய்தாலும் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் முதல் விதி.

பூச்சிக்கு அந்துருண்டை போடவில்லை. நோட்டுகளை பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தோம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விட்டோம். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் வேர்த்துவிடும். துருப்பிடித்த பின்களை எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைத்தோம். சுற்றி வைக்க அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கஞ்சி போகத் துவைத்து எடுத்துக்கொண்டோம். கஞ்சி இருந்தால் ராமபாணம் அதைத் தேடி வரும்.

பிறகு ஸ்கேனிங். மகள் சென்னையில் தன் ஸ்கேனரில் செய்தார். பக்கத்தை முழுதாக வைக்கட்டுமா, கோலத்தை மட்டும் வெட்டி எடுக்கட்டுமா என்று போனில் கேட்டார். 400 பக்கம், கோப்பின் அளவு பெரிது, ஓரத்தில் பால் கணக்குத்தானே என்று எண்ணி, ‘கோலம் மட்டும் போதும்’ என்றேன்.

அது தவறு. ஏன் என்று பின்னால் வருகிறது.

முதல் முயற்சி

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு உறவினர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம், 20 கோலம், 60 பிரதி என்று முடிவானது. மகள் ஸ்கேன் படங்களைக் கணினியில் திறந்து, மேலே கோடு இழுத்து வரைந்தார். தொழில் தெரிந்தவர் என்பதால் வேலை சுத்தமாக இருந்தது. நான்கு பக்கமும் ஒரேமாதிரி உள்ள கோலத்துக்குக் கால்பகுதியை மட்டும் வரைந்து, மீதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டினார். அம்மாவின் கையில் ஏற்பட்ட சின்னச் சின்னக் கோணல்கள் இதில் நேராகிவிட்டன. ஒரு பக்கத்தில், நான்கு புள்ளி ஆறு வரிசைக் கோலத்தில், கீழ் வலது மூலையில் மட்டும் ஒரு வளைவு மற்ற மூன்று மூலைகளைப் போல இல்லை. அம்மா தூக்கக் கலக்கத்தில் தவறியிருப்பார் என்று நினைத்து அதையும் சரிசெய்துவிட்டார். எனக்கு அனுப்பியபோது நானும் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

பெரியம்மாவின் விரல்

நினைவு நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவரின் அக்கா, 74 வயது, புத்தகத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடி கொண்டுவரவில்லை. அதனால் தாளை முகத்துக்கு அருகில் பிடிக்காமல், மடியில் வைத்து, ஆள்காட்டி விரலால் கம்பியின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். மாவு விடும்போது கை எப்படிப் போகுமோ அப்படி. ஒரு புள்ளியைச் சுற்றி, உள்ளே புகுந்து, அடுத்த வரிசைக்கு இறங்கி. மூன்று பக்கம் இப்படிப் பார்த்துத் தலையாட்டினார். நான்கு புள்ளிக் கோலத்தில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். மறுபடி நின்றது.

‘ஏண்டி, கம்பி கெளம்புன எடத்துக்கே வந்துடுச்சு. பாதிப் புள்ளியக் காணுமே?’

‘என்ன பெரியம்மா? எல்லாப் புள்ளியும் இருக்கே.’

‘இருக்குடி. என் வெரல் அந்தப் பக்கமெல்லாம் போவலையே. இது ரெண்டு சிக்கால்ல இருக்கு. ஒங்கம்மா இத ஒத்தச் சிக்காத்தான் போடுவா.’

மகள் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். பெரியம்மா அதில் விரலை வைத்து ஓட்டினார். 24 புள்ளியையும் சுற்றிக்கொண்டு விரல் கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் அந்தக் கீழ் வலது மூலைதான்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, இடையில் வேறு எந்த மாற்றமும் செய்யாமல் சிக்கு போட்டால், எத்தனை தனிக் கம்பி வரும் என்பதைப் புள்ளி எண்ணிக்கையே சொல்லிவிடும்: இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. 3க்கு 4 வைத்தால் ஒன்று. 5க்கு 5 வைத்தால் ஐந்து. 4க்கு 6 வைத்தால் இரண்டு. அந்த இரண்டு கம்பியும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஏதாவது ஒன்றில், வெட்டவிடாமல் ஆளுக்கொரு பக்கம் வளைத்து அனுப்பினால் இரண்டும் சேர்ந்து ஒரே கம்பியாகிவிடும். அந்த அம்மா செய்தது அதைத்தான். மூலைப் புள்ளிக்கும் அதற்கு மேல் புள்ளிக்கும் நடுவே, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் திருப்பியிருந்தார். நாங்கள் திருத்தியது பிழையை அல்ல, முடிச்சை.

தாம்பரம் மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள் என்பதை நான் படித்திருந்தேன். கோலம் என்பது படம் மட்டுமல்ல, விதிப்படி நடக்கும் ஒரு செயல் என்ற பார்வை அதில் இருக்கிறது. படித்தது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. ஆனால் நோட்டைக் கையில் எடுத்தபோது படமாகத்தான் பார்த்தேன். பெரியம்மாவுக்கு அந்தக் கட்டுரை தெரியாது.

ஓரத்தில் இருந்தது

அன்று இரவே மகள் மூல நோட்டில் அந்தப் பக்கத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். ஓரத்தில், பால் கணக்குக்குக் கீழே, பென்சிலில் இருந்தது:

‘4க்கு 6. ரெண்டா வரும். ஒண்ணாக்க மூலையில வெட்டாத. குளத்தங்கரை ஆத்தா.’

நான் வெட்டிவிடச் சொன்ன ஓரம் அது.

மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது. மகள் கோபப்படவில்லை. ‘எல்லாத்தையும் திரும்ப ஸ்கேன் பண்ணணும் போல இருக்கே’ என்றார். எனக்குத்தான் சங்கடம். பத்து வருடமாக மற்றவர்களுக்கு ‘பக்கத்தை முழுதாக எடுங்கள், எது தேவை என்று இப்போது தெரியாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டு மாதம் பிடித்தது. இந்த முறை அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட. ஓரக் குறிப்புகளை ஒரு தனிப் பட்டியலாக எழுதினோம். அப்போதுதான் ஒழுங்கு புலப்பட்டது. 300க்கும் மேற்பட்ட கோலங்களின் ஓரத்தில், அது யாரிடமிருந்து வந்தது என்று எழுதியிருந்தார். பெயர் கிடையாது, அந்த ஊரில் ஒருவரை எப்படிக் குறிப்பிடுவார்களோ அப்படி. ‘தபால்காரர் வீட்டம்மா.’ ‘காப்பிக்கடை மருமக.’ ‘நர்ஸ் அக்கா, மாறிப் போகுமுன்ன.’ ‘சாமிமலை போறப்ப பஸ்ஸ்டாண்ட் பக்கத்து வாசல், கேக்கல, பாத்தது.’ இந்தக் கடைசியை மகள் இரண்டு முறை எனக்குப் படித்துக் காட்டினார். கேட்காமல் பார்த்துப் போட்டதைக்கூட, கேட்கவில்லை என்றே எழுதி வைத்திருக்கிறார்.

தன் சொந்தக் கோலங்களுக்கு ‘நானே’ என்று எழுதியிருந்தார். அவை 41. அதிலும் சிலவற்றில் ‘நானே, ஆனா நடு தபால்காரர் வீட்டம்மாது’.

மகளுக்கு அப்போது ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் ஒரு போட்டிக்கு அனுப்பிய போஸ்டருக்கு அவர் பரிசு வாங்கினார். வீட்டுக்கு வந்து காட்டியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: ‘இந்தப் பூவ எங்க பாத்த?’ அப்போது அது குத்தலாகப் பட்டதாம். மூன்று நாள் பேசவில்லையாம். நோட்டுகளைப் படித்த பிறகு, அம்மா எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது என்று புரிந்ததாகச் சொன்னார்.

யாருடையது?

எழுதுபொருள் நிறுவனம் இதற்குள் அவசரப்பட ஆரம்பித்தது. பத்து டிசைனையும் வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்குக் கௌரவமான தொகை. மகள் என் கருத்தைக் கேட்டார்.

சட்டப்படி பார்த்தால் பெரிய சிக்கல் இல்லை என்றேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் வரைந்த படத்துக்கு அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் வழிவழியாக வரும், யார் போட்டது என்றே தெரியாத கோலத்துக்கு உரிமையாளர் கிடையாது. அதிலிருந்து ஒரு புது வடிவம் செய்தால் அந்த வடிவம் செய்தவருடையது. பத்திரிகையில் வெட்டி ஒட்டியவற்றை மட்டும் தொடக்கூடாது. இதுதான் என் பதில். தப்பான பதில் என்று இப்போதும் நினைக்கவில்லை.

ஆனால் மகள் வேறு பக்கம் பார்த்தார். ‘யாரோடதுன்னு தெரியாதுன்னா சரி. இங்கதான் எழுதியிருக்கே’ என்றார். வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று எப்படி எழுதித் தருவது? தபால்காரர் வீட்டம்மா நாளைக் காலை தன் வாசலில் அதையே போடுவாரே. தம்பிக்கு இதில் உடன்பாடில்லை. பணம் போகிறதே என்பதல்ல அவர் வருத்தம். அம்மா பெயரில் புத்தகம் என்று ஆரம்பித்தது, ஊர்க்காரர்கள் பெயரெல்லாம் சேர்ந்து அம்மா மறைந்துவிடுவாரோ என்று. அக்கா தம்பி இருவரும் ஒரு மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பெரியம்மாதான் நடுவில் புகுந்தார். அவர் பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ‘அவ எழுதி வச்சிருக்கா. நீங்க ஏன் அழிக்கிறீங்க?’ என்று மட்டும் கேட்டார்.

இறுதியில் எடுத்த முடிவுகள் இவை. நிறுவனத்துக்கு ‘முடியாது’ என்று பதில் போயிற்று. புத்தகத்துக்குப் பதிலாக மார்கழி நாட்காட்டி, நாளுக்கு ஒரு கோலம். ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளிக் கணக்கு, யாரிடமிருந்து வந்தது, கை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது. ‘நானே’ என்று இருந்த 41இலிருந்து பாதியும், மற்றவர்களிடமிருந்து வந்தவை பாதியும். தம்பியின் கவலைக்கு இதுவே பதிலாயிற்று: அம்மா சொந்தமாகப் போட்டது எது என்பதே ஓரக் குறிப்புகளை வைத்துத்தான் தெரிந்தது. கண்ணாடிப் பிம்பம் கிடையாது. ஒவ்வொரு கோலமும் முதலில் தரையில் மாவால் போட்டுப் பார்த்த பிறகே கணினிக்கு.

இந்தக் கடைசி நிபந்தனை மகளே தனக்கு விதித்துக்கொண்டது. அதற்கு அவர் கோலம் போடக் கற்க வேண்டியிருந்தது.

பிறகு நடந்தது

குறிப்புகளில் மொத்தம் 23 பேர் வந்தார்கள். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு மகள் மூன்று வார இறுதிகள் ஊரில் அலைந்தார். 14 பேர் யார் என்று தெரிந்தது. அவர்களில் ஐந்து பேர் உயிருடன் இல்லை, குளத்தங்கரை ஆத்தாவும் அதில் ஒருவர். மீதி ஒன்பது பேரிடம் கோலத்தைக் காட்டி, இப்படிப் போடலாமா என்று கேட்டார்கள்.

ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி. தபால்காரர் வீட்டம்மா தன் நோட்டையே எடுத்து வந்து காட்டினார். அதில் இந்த அம்மாவிடமிருந்து வாங்கியவை 16 இருந்தன. காப்பிக்கடை மருமகளுக்கு இப்போது மருமகள் இருக்கிறாள். தன்னை இன்னும் மருமகள் என்றா எழுதியிருக்கிறது என்று சிரித்துவிட்டு, அப்படியே போடச் சொன்னார். ஒருவர், தன்னைக் குறிப்பிடவே வேண்டாம், கோலத்தை மட்டும் போடுங்கள் என்றார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்னொருவர் தன் கோலம் என்று குறித்திருந்ததைப் பார்த்துவிட்டு, இது பத்திரிகையில் வந்தது, நான்தான் உங்கம்மாவுக்குக் காட்டினேன் என்றார். அதை எடுத்துவிட்டோம். வேறொருவரோ, ‘நான் சொன்னதாவா எழுதியிருக்கா? அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா’ என்று அடித்துச் சொன்னார். இதற்கு என்ன செய்வது? இரண்டையும் போட்டோம்.

மகளின் கோலப் பயிற்சி அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடி நடைவழியில் நடந்தது. டைல்ஸ் தரையில் கல்மாவு வழுக்கும், கம்பி அகலமாக விழும். சங்கத்தில் ஒருவர், மாவு லிஃப்டுக்குள் வருகிறது என்று புகார் கொடுத்தார். முதல் வாரம் சாக்பீஸில் போட்டார். பெரியம்மாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டுவார். அவர் அங்கிருந்து, ‘கட்டை விரல அசைக்காத, மாவு தானா விழணும்’ என்பார். மாவை ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே எடுத்து, நடுவிரலைத் தாங்கலாக வைத்து, கையை நகர்த்த நகர்த்தச் சீராக விட வேண்டும். விரலை உருட்டினால் கோடு முடிச்சு முடிச்சாக விழும். எழுதும்போது எளிதாக இருக்கிறது. பன்னிரண்டாம் நாள்தான் அவருக்குக் கம்பி ஒரே தடிமனில் வந்தது.

தரையில் போட்டுப் பார்த்ததால் இன்னும் இரண்டு பிழைகள் தெரிந்தன. கணினித் திரையில் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்த பிழைகள் அவை. இரண்டும் நோட்டில் சரியாகவே இருந்தன.

2023–24 மார்கழிக்கு 29 நாள். மகள் 30 பக்கம் செய்துவிட்டார். பஞ்சாங்கம் பார்த்துத் தம்பி சொன்ன பிறகு முப்பதாவது பக்கம் தை முதல் நாளுக்குப் பொங்கல் பானைக் கோலமாயிற்று. 200 பிரதி அச்சானது. 60 பிரதி உறவினர்களுக்கும் நோட்டில் வந்தவர்களுக்கும் போயின. 100க்குக் கொஞ்சம் மேலே விற்றன. மீதி இன்னும் தம்பி வீட்டுப் பரணில் இருக்கிறது. லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அச்சுச் செலவு வந்துவிட்டது.

வந்த குறைகளில் நியாயமானது ஒன்று: கை போகும் திசையைக் காட்டும் அம்புக்குறிகள் மிகச் சிறியவை, சாம்பல் நிறத்தில் வேறு. கோலம் போடும் வயதினரில் பாதிப் பேர் கண்ணாடி போடுகிறவர்கள். டிசைனுக்கு அழகு, விடியற்காலையில் பயனில்லை.

மகளின் தொழிலில் நடந்த மாற்றத்தை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. அவர் இப்போதும் லோகோவும் அழைப்பிதழும்தான் செய்கிறார். ஆனால் இரண்டு விஷயம் மாறியிருக்கிறது. எந்த வடிவத்தையும் முதலில் புள்ளித் தாளில் கையால் போட்டுப் பார்க்கிறார். ஒவ்வொரு வேலையின் கோப்பிலும் ‘எங்கே பார்த்தது’ என்று ஒரு வரி எழுதி வைக்கிறார். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் இது உங்கள் சொந்த வேலை இல்லையா என்று கேட்டு ஆர்டரை நிறுத்திக்கொண்டாராம். வரியை அவர் எடுக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது என்னுடையது. பக்கத்தை வெட்டக் கூடாது. கோப்பு பெரிதாகும், நேரமாகும் என்பதெல்லாம் சாக்கு. சமையல் குறிப்பு, கணக்கு நோட்டு, டைரி, எதுவானாலும் அட்டையிலிருந்து அட்டைவரை எடுத்த பிறகே பிரிக்க வேண்டும். இப்போது இதை வரும் குடும்பங்களுக்கு எழுத்திலேயே கொடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது, பெரியம்மாவை நாங்கள் எட்டு மாதம் தாமதமாகச் சந்தித்தோம். நோட்டு என்னிடம் வந்த அன்றே அவரை உட்காரவைத்து, விரல் ஓட்டச் சொல்லி வீடியோ எடுத்திருக்க வேண்டும். தாள் நல்ல துணியில் சுற்றினால் இன்னும் ஐம்பது வருடம் இருக்கும். 74 வயதுக் கைக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது. தாளின் அவசரம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆளின் அவசரம் தெரியவில்லை. குறிப்புகளில் வந்தவர்களில் ஒருவர் நாங்கள் தேடிப் போவதற்கு மூன்று மாதம் முன்புதான் இறந்திருந்தார்.

மூன்றாவது, மற்றவர்களைத் தேடும் வேலையை நிறுவனத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். அவர்களிடமே கேட்டிருந்தால், சிலர் தாராளமாகக் கொடுங்கள் என்றிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. மகள் அதற்கு ஒப்பவில்லை; கேட்டிருந்தாலும் ‘வேறு யாருக்கும் தரமாட்டேன்’ என்று எழுதித் தந்திருக்க முடியாது என்கிறார். இது எங்களுக்குள் தீராத பேச்சு.

புள்ளி மட்டும் இருந்த 11 பக்கங்களை என்ன செய்வது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. தேதிகளை வைத்துப் பார்த்ததில் ஒன்பது, அப்பா தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். முதல் நாள் மாலையே மறுநாள் கோலத்தை நோட்டில் போட்டுப் பார்ப்பது அந்த அம்மாவின் வழக்கம். மீதி இரண்டு தேதிகளும் 1991இல். அந்த வருடம் மகளுக்கு ஏழு வயது, தம்பி பிறக்கவில்லை. பெரியம்மாவிடம் கேட்டதற்கு, ‘அது எதுக்கு இப்ப’ என்றார்.

அந்தப் பக்கங்களையும் முழுதாக ஸ்கேன் செய்து, கோப்பில் தேதியை மட்டும் குறித்து வைத்திருக்கிறோம்.